வளையவும் வேண்டும், வளையாமலும் இருக்க வேண்டும்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவியவர் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்திய ஓர் ஆசிரியர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஆண்டுக்கொரு முறை ஒரு பொறியாளரோ அறிவியலாளரோ தாம் செய்கிற வேலையைப் பற்றித் தமிழில் பேச வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விமானக் கட்டமைப்பில் வேலை பார்த்தவன். இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் மாணவர்களோடு சின்னச் சின்ன ஆய்வுகளில் இருக்கிறேன். என் வேலையை என் தாய்மொழியில் முழுதாகச் சொல்லிப் பார்க்க எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு இது. அந்த ஆசிரியருக்கு என் வணக்கம்.

மேசைமேல் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். காலியான ஊதுபத்திப் பெட்டி. நீளவாக்கில் நான்கு பக்கமும் அட்டை, இரண்டு முனையும் திறந்திருக்கின்றன. ஒரு முனையை இடக்கையில் பிடித்துக்கொண்டு மறுமுனையை வலக்கையால் திருகுகிறேன். முன்வரிசையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். மேல்பரப்பு ஒரு முனையில் முன்னோக்கிச் சாய்கிறது, மறுமுனையில் பின்னோக்கிச் சாய்கிறது. அட்டை கிழியவில்லை. கையை எடுத்தால் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. இப்போது இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு நடுவில் ஒடிப்பதுபோல் வளைக்கப் பார்க்கிறேன். சுலபத்தில் வளைய மாட்டேன் என்கிறது. திருகுவதற்கு இணங்குகிற பொருள் வளைப்பதற்கு இணங்கவில்லை.

1899-ஆம் ஆண்டுக் கோடையில், ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில், வில்பர் ரைட் தம் சைக்கிள் கடையில் நின்றுகொண்டு இதைத்தான் செய்தார். அவர் கையில் இருந்தது சைக்கிள் டியூப் வைத்து விற்கும் அட்டைப் பெட்டி. அப்போது பறக்க முயன்றவர்களை வாட்டிய பெரிய கேள்வி, ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் எப்படி நிமிர்வது என்பது. ஜெர்மனியின் ஓட்டோ லிலியெந்தால் தம் உடலையே இடமும் வலமும் வீசிச் சமன் செய்தார். 1896-இல் விழுந்து இறந்தார். வில்பர் பெட்டியைத் திருகியபோது, மேலும் கீழுமாக அடுக்கிய இரட்டை இறக்கையையும் இப்படியே திருகலாம் என்று கண்டுகொண்டார். ஒரு பக்க இறக்கை காற்றைச் சற்றுக் கூடுதல் கோணத்தில் சந்திக்கும், அங்கே தூக்குவிசை கூடும். மறுபக்கம் குறையும். விமானம் நிமிரும்.

1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் மணல்வெளியில் தம்பி ஆர்வில் 12 நொடிகள் பறந்து 120 அடி கடந்த அந்த விமானத்தில், ஓட்டுபவர் கீழ் இறக்கையின்மேல் குப்புறப் படுத்திருப்பார். இடுப்பைச் சுற்றி ஒரு மரத்தொட்டில். இடுப்பை அசைத்தால் கம்பிகள் இழுபட்டு இறக்கை முறுக்கிக்கொள்ளும். மரச்சட்டம், அதன்மேல் மஸ்லின் துணி. ஆகவே உலகின் முதல் விமானமே வடிவம் மாறும் இறக்கை கொண்ட விமானம். இதை நான் மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் சொல்வதுண்டு. வடிவம் மாறும் இறக்கையைப் பற்றி எழுதுகிற பலரும் அதை எதிர்காலத்துப் பொருளாகவே பேசுகிறார்கள். உண்மையில் அது நாம் கையில் வைத்திருந்து, பிறகு இழந்த ஒன்று.

ஏன் இழந்தோம்? வேகம் கூடியது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். முறுக்கத் தோதாகத் தளர்வாக இருக்கும் இறக்கையைக் காற்று தன் விருப்பத்துக்கு முறுக்கத் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் எல்லாரும் வேறு வழிக்கு மாறிவிட்டார்கள். இறக்கையை விறைப்பாகக் கட்டு, அதன் பின்விளிம்பில் ஒரு துண்டை மட்டும் வெட்டிக் கீல் போட்டு ஆட்டு. அந்தத் துண்டுக்கு ஏலரான் என்று பெயர். இன்றுவரை அதுதான் வழக்கம்.

அடுத்த முறை விமானத்தில் போகும்போது இறக்கைக்குச் சற்றுப் பின்னால் சன்னலோர இருக்கை கேட்டு வாங்குங்கள். இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பு தரைக்கடியில் மோட்டார் உறுமுவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். இறக்கையின் பின்விளிம்பு பிளந்து, பலகை பலகையாகப் பின்னே நகர்ந்து கீழே இறங்கும். அவைதான் ஃபிளாப்கள். அவற்றின் இடுக்கு வழியாகக் கீழே வயலும் வீடும் தெரியும். அந்த இடுக்குகள் சிலவற்றுக்கு ஒரு பயன் உண்டு. ஆனால் ஃபிளாப் முடிகிற இரு ஓரங்களில் காற்று கிழிபட்டுச் சுழல்கிறதே, அது வீண். எரிபொருளாகவும் இரைச்சலாகவும் அதற்கு விலை கொடுக்கிறோம். சென்னை விமான நிலையத்தை ஒட்டிக் கொளப்பாக்கத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டால் அந்த இரைச்சலைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். இறங்கும் நேரத்தில் எஞ்சின் ஓய்ந்திருக்கும். அப்போது கேட்கும் சத்தத்தில் பெரும்பகுதி சக்கரங்களும் இந்த விளிம்புகளும் போடுவது.

சரி, இறக்கை ஏன் மாற வேண்டும்? போயிங் 777-300இஆர் விமானத்தை எடுத்துக்கொள்வோம். மேலெழும்போது அதன் எடை அதிகபட்சம் 351 டன். அதில் எரிபொருள் மட்டுமே 145 டன் வரை இருக்கலாம். பதினான்கு மணி நேரம் பறந்து இறங்கும்போது அந்த எரிபொருளில் பெரும்பகுதி புகையாகிப் போயிருக்கும். கிளம்பிய விமானம் ஒன்று, இறங்கிய விமானம் இன்னொன்று என்றே சொல்லலாம். இரண்டுக்கும் அதே இறக்கை. எல்லா நிலைக்கும் ஓரளவு பொருந்தி, எந்த நிலைக்கும் முழுதாகப் பொருந்தாத ஒரு வடிவத்தை வடிவமைப்பாளர் தேர்ந்தெடுக்கிறார். நாங்கள் வாழ்நாள் முழுவதும் செய்கிற வேலையே இந்தச் சமரசந்தான்.

பறவைக்கு இந்தச் சமரசம் தேவையில்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குக் காலையில் போய் நின்று பருந்துகளைப் பாருங்கள். வெதுவெதுப்பான காற்றில் வட்டமிடும்போது இறக்கையை முழுதாக விரித்து, நுனிச் சிறகுகளை விரல்போல் பிரித்து வைத்திருக்கும். மீன் துண்டைக் கண்டு பாயும்போது மணிக்கட்டை மடக்கிப் பாதியாகக் குறுக்கிக்கொள்ளும். திரும்புகையில் ஒரு பக்க இறக்கையையும் வாலையும் முறுக்கும். உழவாரக் குருவியின் இறக்கைகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்த ஆய்வாளர் டேவிட் லென்டிங்க் குழுவினர் 2007-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். எந்த நேரத்தில் எவ்வளவு பின்னோக்கி மடிப்பது என்று சரியாகத் தேர்ந்தெடுத்தால், கீழிறங்கும் வேகத்தைப் பாதியாக்கலாம், அல்லது திரும்பும் விரைவை மூன்று மடங்காக்கலாம். இரண்டு மூன்று விழுக்காடு கிடைத்தாலே கொண்டாடுகிற எங்கள் துறையில், இந்த எண்களைப் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இனி, இந்த உரையின் மையத்துக்கு வருகிறேன். ஏர்பஸ் ஏ320 விமானத்தின் அதிகபட்ச எடை ஏறத்தாழ 78 டன். அதன் இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 122 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள், ஒரு சதுர மீட்டருக்கு 640 கிலோ வருகிறது. ஒரு சாப்பாட்டு மேசை அளவுள்ள இடத்தில் பத்துப் பேர் ஏறி நிற்கிற பாரம். அந்தப் பாரத்தின் பெரும்பகுதி கீழிருந்து தள்ளுவதால் வருவதில்லை. மேல்பரப்பைக் காற்று மேல்நோக்கி உறிஞ்சுவதால் வருகிறது. இந்த உறிஞ்சலுக்கு மேல்தோல் உப்பிவிடக் கூடாது. ஆனால் ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்தினால், சிறிய மோட்டார் ஒன்றின் வலுவுக்கு அதே தோல் வளைந்து கொடுக்க வேண்டும். காற்று கேட்டால் வளையாதே, நான் கேட்டால் வளை. ஒரே தகட்டிடம் இரண்டையும் கேட்கிறோம். மோட்டார், கணினி, பொருளறிவியல் என்று எந்த வாசல் வழியாக உள்ளே போனாலும், கடைசியில் எல்லாரும் இந்த இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறார்கள்.

தளர்வாக விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இறக்கை மேலும் கீழும் ஆடுவதற்கு ஓர் இயல்பான தாளம் உண்டு. முறுக்கி முறுக்கி ஆடுவதற்கு வேறொரு தாளம் உண்டு. குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் இரண்டு தாளமும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். ஒவ்வோர் ஆட்டமும் காற்றிலிருந்து கொஞ்சம் ஆற்றலைப் பிடுங்கி அடுத்த ஆட்டத்தைப் பெரிதாக்கும். இதை நாங்கள் ஃபிளட்டர் என்கிறோம். தொடங்கிச் சில நொடிகளில் இறக்கை கையோடு வந்துவிடும். முறுக்கு விறைப்பைக் குறைத்தால் இந்த ஆபத்தான வேகம் கீழே இறங்கி, நாம் பறக்கிற வேகத்துக்கு அருகே வந்து நிற்கும்.

இந்த முரணை முதலில் அவிழ்க்கப் பார்த்தவர்கள் இறக்கையை வளைக்கவில்லை. விறைத்த இறக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, அதை நகர்த்தினார்கள். ரஷ்யாவிலிருந்து பிரான்சுக்குப் போன இவான் மாக்கோனின், தொலைநோக்கிக் குழாய்போல் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இறக்கை கொண்ட விமானத்தை 1931-இல் பறக்கவிட்டார். 13 மீட்டர் இறக்கை 21 மீட்டராக நீளும். அந்தப் பாதை நீளவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, இறக்கையைப் பின்னோக்கி மடிக்கும் போர் விமானங்கள் வந்தன. மெதுவாகப் போகும்போது விரித்துக்கொள்ளும், ஒலியை மிஞ்சிப் போகும்போது அம்புபோல் ஒடுக்கிக்கொள்ளும். நம் விமானப்படையிலும் 1980-களிலிருந்து மிக்-23, மிக்-27 விமானங்கள் இருந்தன. கடைசி மிக்-27 அணி 2019 டிசம்பர் 27 அன்று ஜோத்பூரில் விடைபெற்றது. 

இந்த மடியும் இறக்கைப் போர் விமானங்களில் முன்னோடி அமெரிக்காவின் எஃப்-111. முதன்முதலாக 1964 டிசம்பரில் பறந்தது. இறக்கை 16 பாகையிலிருந்து 72.5 பாகை வரை மடியும். பழைய வீடுகளின் நிலைக்கதவைப் பார்த்திருப்பீர்கள். அதில் கீல் இருக்காது. கதவின் மேலும் கீழும் ஒரு குடுமி, குழியில் உட்கார்ந்து சுழலும். அந்தக் கதவின் முழுப் பாரமும் குடுமியில். எஃப்-111-இன் ஒவ்வோர் இறக்கையும் அப்படி ஒரே குடுமியில் தொங்கியது. சாதாரண விமானத்தில் இறக்கையின் பாரம் உடலுக்குள் அகலமாகப் பரவி இறங்கும். இங்கே எல்லாம் ஒரு துளையைச் சுற்றிக் குவிந்தது. இறக்கையின் அடியில் மாட்டிய குண்டுகள் காற்றுக்கு நேராக இருக்க வேண்டுமே, அதற்காக அவற்றைத் தாங்கும் கொம்புகளையும் தனித்தனியாகச் சுழல வைத்தார்கள். ஒன்றை அசைத்தால் பத்தை அசைக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த விமானத்தைப் பார்த்தால் புரியும்.

1969 டிசம்பர் 22. நெவாடா பாலைவனத்துக்கு மேலே ஓர் எஃப்-111 பயிற்சியில் இருந்தது. தாழ்ந்து பாய்ந்து குறியைத் தாக்கிவிட்டு மேலே எழும் நேரத்தில் இடப்பக்க இறக்கை அப்படியே கழன்று போயிற்று. அதில் இருந்த இருவரும் இறந்தார்கள். விமானம் பறந்திருந்ததோ நூற்றுச் சொச்சம் மணி நேரந்தான். அந்த எழுச்சியின் பாரமும் இறக்கை தாங்க வேண்டிய அளவுக்குள்தான் இருந்தது. உடைந்த துண்டுகளை எடுத்துப் பார்த்தபோது, குடுமியைப் பிடித்திருந்த எஃகுப் பகுதியின் அடித்தகட்டில் ஒரு விரிசல். பறந்து பறந்து வந்த விரிசல் இல்லை அது. காய்ச்சி அடித்து உருவாக்கும்போதே உள்ளே விழுந்தது. எல்லாச் சோதனைகளையும் தாண்டி, யார் கண்ணிலும் படாமல் விமானத்தில் ஏறிவிட்டது. பறந்த காலத்தில் அது வளர்ந்தது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த எஃகு மிக வலுவானது. ஆனால் வலுவான எஃகு பல நேரம் நொறுங்கும் குணமுள்ளது, சிறு விரிசலைக்கூடப் பொறுக்காது. எடையைக் குறைக்க வேண்டுமே என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். எடை ஏன் கூடியது? குடுமி வைத்ததால்.

பிறகு அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். ஒவ்வொரு விமானத்தையும் ஒரு கூடத்தில் நிறுத்தி, பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக்குக் குளிரவைத்து, இறக்கையை முழு வலுவில் இழுத்தார்கள். குளிரில் எஃகு இன்னும் நொறுங்கத்தக்கதாகும். அந்த நிலையில் இழுத்தும் உடையவில்லை என்றால், உள்ளே விரிசல் இருந்தாலும் அது மிகச் சிறியதாகத்தான் இருக்க முடியும். இன்னும் இத்தனை மணி நேரம் பறக்கலாம் என்று கணக்குப் போடலாம். குறையே இல்லாத பொருள் என்று நம்பிக் கட்டுவதை விட்டு, குறை இருக்கிறது என்று வைத்துக்கொண்டே கட்டும் முறை 1970-களில் அமெரிக்க விமானப்படையின் விதியாயிற்று. இன்று உலகம் முழுவதும் விமானக் கட்டமைப்பு படிக்கும் பிள்ளைகள் இந்த விபத்தைப் படிக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் என் மேலதிகாரி அந்த உடைந்த பரப்பின் படத்தைத்தான் என் கையில் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

சரி, குடுமி வேண்டாம், கீலும் வேண்டாம். இறக்கையே வளையட்டும். அதே எஃப்-111 ஒன்றின் இறக்கையை மாற்றி, 1985 முதல் 1988 வரை நாசா 59 முறை பறக்கவிட்டது. முன்விளிம்பும் பின்விளிம்பும் இடுக்கில்லாமல் கண்ணாடியிழைத் தோலோடு வளைந்தன. காற்றியல் நோக்கில் நல்ல வெற்றி. ஆனால் அந்தத் தோலுக்கு அடியில் நெம்புகோலும் இணைப்புத்தண்டும் திரவ அழுத்த இயக்கியுமாக ஒரு தொழிற்சாலையே இருந்தது. வெளியே மழமழவென்று இருந்த இறக்கை, உள்ளே எத்தனையோ கீல்களை ஒளித்து வைத்திருந்தது. காற்றில் மிச்சப்படுத்தியதை எடை தின்றுவிட்டது.

இந்த இடத்தில் ஹைதராபாத் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் படித்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஸ்ரீதர் கோட்டா வருகிறார். அவர் கேள்வி வேறு. ஓர் இயந்திரம் அசைவதற்கு மூட்டு எதற்கு? வில்லுக்கு மூட்டு இருக்கிறதா? நாண் இழுத்தால் தண்டு முழுவதும் வளைகிறது, விட்டால் நிமிர்கிறது. ஷாம்பு பாட்டில் மூடியைப் பாருங்கள். மூடியும் கழுத்தும் ஒரே பிளாஸ்டிக், நடுவில் மெல்லிய ஒரு பட்டை வளைகிறது. ஆனால் அந்த மூடி எங்கே கிழியும் என்று நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். வளைவு முழுவதும் ஒரே இடத்தில் குவிந்தால் அந்த இடம் சீக்கிரம் போய்விடும். வில்லில் அப்படி இல்லை. ஒவ்வோர் அங்குலமும் தன் பங்குக்குக் கொஞ்சமாக வளைகிறது. கோட்டா எடுத்துக்கொண்டது வில்லின் வழி. இறக்கைக்குள் மெல்லிய விட்டங்களை எந்தக் கோணத்தில், எந்தத் தடிப்பில், எங்கே இணைத்தால், ஒரு முனையில் தள்ளியதும் வெளித்தோல் நாம் விரும்பும் வளைவுக்கு வரும், ஆனால் காற்றின் பாரம் வெளியிலிருந்து வந்தால் நகராது? இதைக் கணக்காக மாற்றி, விடையைக் கணினியிடம் தேடச் சொன்னார். ஊதுபத்திப் பெட்டியின் தந்திரத்தை ஆயிரம் மடங்கு நுணுக்கமாகச் செய்கிற வேலை.

இந்தத் துறையின் தொடக்க ஆண்டுகளில் மிச்சிகனில் கோட்டாவோடு ஆய்வு செய்தவர், சென்னை ஐஐடியில் இயந்திரவியல் படித்துவிட்டுப் போன ஜி.கே. அனந்தசுரேஷ். இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறார். மூட்டில்லா இயந்திரங்களைப் படிக்க விரும்பும் மாணவர்கள் கடல் கடக்க வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கோட்டா தொடங்கிய ஃபிளெக்ஸிஸ் நிறுவனமும் அமெரிக்க விமானப்படை ஆய்வகமும் நாசாவும் சேர்ந்து, ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் III விமானத்தின் அலுமினிய ஃபிளாப்களைக் கழற்றிவிட்டு, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள வளையும் ஃபிளாப்களை மாட்டின. 2014 நவம்பர் 6 அன்று கலிஃபோர்னியாவில் முதல் பறப்பு. அடுத்த ஆறு மாதங்களில் மொத்தம் 22 பறப்புகள். மேல்நோக்கி 2 பாகையிலிருந்து கீழ்நோக்கி 30 பாகை வரை. என்னை மிகவும் கவர்ந்தது ஃபிளாப்பின் நடுப்பகுதி இல்லை. அது முடிகிற இரண்டு ஓரங்கள். வளைந்த பகுதிக்கும் வளையாத இறக்கைக்கும் நடுவே இடுக்கு விடாமல், இழுபடும் தோலால் ஒரு சரிவு அமைத்திருந்தார்கள். முன்பு சொன்னேனே, காற்று கிழிபட்டு இரைகிற இடம், அது அங்கே இல்லாமற்போயிற்று. பின்னர் இந்த ஃபிளாப்பையும் சக்கரத் தண்டுகளுக்கான உறைகளையும் சேர்த்து நடத்திய சோதனையில், விமான உடலின் இரைச்சல் 70 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக நாசா 2018-இல் அறிவித்தது. எரிபொருளைப் பொறுத்தவரை, புதிதாக வடிவமைத்த இறக்கையில் 12 விழுக்காடு வரை மிச்சம் என்று நிறுவனம் சொல்கிறது. அது பெரிய எண். பயணிகள் விமானத்தில் ஆண்டுக்கணக்காகப் பறந்த பிறகு பார்ப்போம் என்பது என் நிலை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த 22 பறப்புகளிலும் ஃபிளாப் வானத்தில் அசையவில்லை. தரையில் ஒரு கோணத்தில் பூட்டிவிட்டுப் பறந்தார்கள், இறங்கினார்கள், அடுத்த கோணத்தில் பூட்டினார்கள். இதைக் கேட்டதும் மாணவர்கள் சிலர் ஏமாந்துபோகிறார்கள். நான் ஏமாறவில்லை. வளையக்கூடிய ஒரு பொருள் காற்றுக்கு வளையாமல் நிற்கிறதா என்பதுதான் முதற்கேள்வி. அதை முதலில் கேட்டார்கள். ஆள் ஏறிப் பறக்கும் விமானத்தில் கேள்விகளை ஒவ்வொன்றாகத்தான் கேட்க முடியும்.

சூட்டில் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் நிக்கல்-டைட்டேனியக் கலவையைப் பற்றிக் கேட்பீர்கள். அதை வைத்து நாசா ஓர் ஆளில்லா விமானத்தின் இறக்கை நுனிகளை வானத்திலேயே மடித்துக் காட்டியது. எடை குறைவு, சத்தமில்லை. சூடாக்கினால் உடனே மாறும், ஆறுவதற்கு நேரமெடுக்கும். நுனியை மடிக்கப் போதும். ஒவ்வொரு நொடியும் விமானத்தைச் சமன்செய்யும் வேலைக்கு ஆகாது.

தோலுக்கே திரும்புகிறேன், ஏனென்றால் என் மாணவர்களும் நானும் தோற்றுப்போன இடம் அது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, நீளம் கூடிக் குறையும் சிறிய இறக்கை ஒன்றைச் செய்தோம். உள்ளே விலா எலும்புபோல் சட்டங்கள். அவற்றின்மேல் சிலிக்கோன் ரப்பர் தாளை இழுத்துக் கட்டினோம். மேசைமேல் அழகாக நீண்டது, அழகாகக் குறுகியது. கைதட்டினோம். காற்றுச் சுரங்கத்தில் வைத்து, மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் கொடுத்தோம். ஒரு மோட்டார் சைக்கிளின் வேகம். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோ பாரந்தான். இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒவ்வொரு கட்டத்திலும் ரப்பர் இட்லிபோல் உப்பிக்கொண்டது. இன்னும் இறுக்கிக் கட்டினோம். உப்பவில்லை, ஆனால் இறக்கையை நீட்ட மோட்டாரால் முடியவில்லை. தளர்த்திக் கட்டினோம். குறுக்கும்போது சுருக்கம் சுருக்கமாக மடிந்தது. மூன்றாம் நாள் மாலை ஒரு மாணவி சொன்னாள்: “சார், இழுத்தா வரணும், உப்பக் கூடாது, சுருங்கவும் கூடாது. இதுக்கு ரப்பர் சரிப்படாது சார்.” நாங்கள் பரிசோதித்தது மோட்டார் சைக்கிள் வேகத்தில். பயணிகள் விமானத்தில் பாரம் இதைப்போல் இருபத்தைந்து மடங்கு. அதோடு பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 56 பாகை. அந்தக் குளிரில் பல ரப்பர் வகைகள் கட்டைபோல் ஆகிவிடும். அதே விமானம் மறுநாள் கத்திரி வெயிலில் ஓடுபாதையில் நிற்கும்.

இன்னும் இருக்கிறது. இடி விழுந்தால் மின்சாரம் தோல் வழியே ஓடி வெளியேற வேண்டும். கார்பன் இழை இறக்கைகளில் அதற்காக மேலே மெல்லிய செம்பு வலை பதிக்கிறார்கள். இழுபடும் தோலில் அந்த வலை என்ன ஆகும்? முன்விளிம்பில் பனி உறையும், அதை உருக்க வேண்டும். பறவை மோதும். இறக்கையின் நடுப்பகுதி எரிபொருள் தொட்டியும்கூட. முழு இறக்கையும் மாறும் படங்களைப் பத்திரிகைகளில் பார்க்கும்போதெல்லாம், எரிபொருளை எங்கே ஊற்றுவார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

பறவையின் விடை ரப்பர் இல்லை. சிறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இறக்கை மடியும்போது வழுக்கி நகர்கின்றன. ஒரு தனிச் சிறகும் நீளவோ சுருங்கவோ வேண்டியதில்லை. ஆனால் வழுக்குகிற பொருள் காற்றில் பிரிந்துவிடாதா? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லென்டிங்க் குழுவினர் 2020-இல் இதற்கு விடை கண்டார்கள். புறாவின் அடுத்தடுத்த சிறகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விலக்கிப் பார்த்தபோது, ஓரளவு வரை வழுக்கி, பிறகு சட்டென்று பிடித்துக்கொண்டன. சிறகின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள், ஒரு திசையில் மட்டும் மாட்டிக்கொள்ளும்படி அமைந்திருக்கின்றன. வலுவாகப் பிரித்தால் வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கிற சத்தம் வரும். ஓசையில்லாமல் பறக்க வேண்டிய ஆந்தைக்கு இந்தக் கொக்கிகள் இல்லை. உண்மையான புறாச் சிறகுகள் 40 வைத்து அவர்கள் ஒரு சிறு பறக்கும் இயந்திரத்தையும் செய்தார்கள். மணிக்கட்டையும் விரலையும் மட்டும் மோட்டார் அசைக்கும், சிறகுகள் தாமே இடம் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக, இது பாதுகாப்பானது என்று நிரூபிப்பது. கீல் வைத்த ஃபிளாப்பில் எங்கே பார்க்க வேண்டும் என்று பராமரிப்புப் பணியாளருக்குத் தெரியும். கீலைப் பார், எண்ணெய் போடு, தேய்ந்திருந்தால் மாற்று. முழுவதும் வளைகிற பொருளில் எங்கே பார்ப்பது? எல்லா இடமும் கீல் அல்லவா? ஒரு பக்க இறக்கை வளைந்து மறுபக்கம் வளைய மறுத்தால், விமானம் நொடியில் புரளும். இப்போதைய விமானங்களில் இருபக்க ஃபிளாப்களையும் ஒரே தண்டு இணைத்து ஓட்டுகிறது, வேறுபாடு தெரிந்தால் தானாகப் பூட்டிவிடும். போயிங் 777எக்ஸ் தன் இறக்கை நுனியை மடிக்கிறது. 72 மீட்டர் இறக்கை, விமான நிலையத்தின் 65 மீட்டர் நிறுத்துமிடத்துக்குள் அடங்குவதற்காக. அதுவும் தரையில் மட்டும். அதற்கே அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 2018-இல் தனி நிபந்தனைகள் எழுத வேண்டியிருந்தது.

ஆகையால் அடுத்து வரப்போவது பருந்துபோல் ஒடுங்கி விரியும் பயணிகள் விமானம் என்று நான் நினைக்கவில்லை. இறக்கையின் நடுப்பகுதி விறைப்பாகவே இருக்கும். விளிம்புகள் மெல்ல மெல்ல மூட்டுகளை இழக்கும். இப்போதே போயிங் 787-உம் ஏர்பஸ் ஏ350-உம் நடுவானில் ஃபிளாப்களை ஒரு துளி அசைத்து, எடை குறையக் குறைய இறக்கையின் வளைவைச் சரிசெய்துகொள்கின்றன. பயணிகள் யாரும் கவனிப்பதில்லை. இன்னொரு வழியும் உண்டு. எஃப்-18 போர் விமானத்தின் தொடக்க மாதிரியில், அதிவேகத்தில் ஏலரானை இறக்கினால் இறக்கையே எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொண்டு பலனைக் கெடுத்தது. எடையைக் கூட்டி இறக்கையை விறைப்பாக்கினார்கள். 2002 முதல் நாசாவும் அமெரிக்க விமானப்படையும் அதே வகை விமானம் ஒன்றில் தோலை மறுபடியும் மெல்லியதாக்கின. முன்விளிம்பைச் சற்றே அசைத்து, காற்றே இறக்கையைத் தேவையான பக்கம் முறுக்கும்படி கணினியால் கட்டுப்படுத்தினார்கள். விமானம் நன்றாகத் திரும்பியது. வில்பர் இடுப்பால் முறுக்கினார், இங்கே காற்றையே முறுக்க வைத்தார்கள். எனக்கு நம்பிக்கை இந்த வழியில்தான் அதிகம்.

எங்கள் ரப்பர் இறக்கை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அந்த மாணவி ரப்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளை ஓலைக்கூரை வேய்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். சென்ற மாதம் மறுபடி காற்றுச் சுரங்கத்தில் வைத்தோம். உப்பவில்லை. சுருங்கவில்லை. மோட்டார் திணறவில்லை. மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் பட்டைகளின் ஓரம் படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்தால் அடங்கியது, கூட்டினால் மறுபடி அடித்தது. புறாவிடம் இருந்து எங்களிடம் இல்லாதது அந்தக் கொக்கிதான். பட்டையின் அடிப்பரப்பில் ஒரு திசையில் மட்டும் மாட்டும் சிறு பற்களை அச்சிட முடியுமா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பட்டைகளில் இரண்டைக் கொண்டுவந்திருக்கிறேன். ஊதுபத்திப் பெட்டிக்குள் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் வந்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நகர்த்திப் பார்க்கலாம்.